பாலூட்டும் அம்மாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு: ஏழாம் மாதம் முதல் கிராம சபை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் புதிய போஸ்டர் ஒட்டுவார்கள். சிரித்த முகத்தோடு ஒரு அம்மா, மடியில் குழந்தை, மேலே 'தாய்ப்பாலே சிறந்தது' என்று பெரிய எழுத்து. அப்படியொரு போஸ்டருக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் ஒருமுறை பேசினேன். குழந்தை பிறந்து ஒன்பது நாள். "சிறந்ததுன்னு எனக்குத் தெரியாதா அக்கா? எப்படிக் கொடுக்கிறதுன்னுதான் யாரும் சொல்லித் தரலை" என்றாள்.

அவளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். 1990 ஆகஸ்ட் 1 அன்று இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஏற்கப்பட்ட இன்னசென்டி பிரகடனம் மூன்று வேலைகளைச் சொன்னது: தாய்ப்பாலூட்டலைப் பாதுகாப்பது, ஊக்குவிப்பது, அதற்குத் துணை நிற்பது. அந்த நாளை ஒட்டித்தான் 1992 முதல் ஆகஸ்ட் 1 தொடங்கி 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் நடக்கிறது. மூன்றில் நாம் விடாமல் செய்வது ஊக்குவிப்பு ஒன்றைத்தான். பாதுகாப்பும் துணையும் அம்மா தனியாகச் செய்துகொள்ளக் கூடியவை இல்லை. கணவர், மாமியார், செவிலியர், கம்பெனி முதலாளி, ஊராட்சித் தலைவர் என்று சுற்றி இருப்பவர்கள் செய்ய வேண்டியவை. அதனால் கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அவர்களுக்குத்தான்.

இது ஏன் ஒரு வீட்டு விஷயமாக மட்டும் நின்றுவிடக் கூடாது? உலகம் முழுக்கத் தாய்ப்பாலூட்டல் பரவலானால் ஆண்டுக்கு சுமார் 8 லட்சத்து 23 ஆயிரம் குழந்தைகளின் சாவையும், மார்பகப் புற்றுநோயால் நேரும் 20 ஆயிரம் பெண்களின் சாவையும் தடுக்கலாம் என்று 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பிரசவம் அநேகமாக முழுக்கவே மருத்துவமனையில்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கிடைத்த குழந்தைகள் பத்துக்கு ஆறு பேர்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் 55 சதவீதம். நாட்டின் சராசரியோ 64 சதவீதம். மருத்துவ வசதியில் முன்னால் நிற்கும் மாநிலம் இதில் பின்தங்கியிருக்கிறது. அம்மாக்களுக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் படி: ஏழாம் மாதத்திலேயே பேசிவிடுங்கள்

வளைகாப்புக்கு வளையல் எத்தனை டஜன் என்று பேசும் வீடுகளில், குழந்தை பிறந்த முதல் மணி நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை. வலி வந்த பிறகு பேச முடியாது. ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது கணவரோ, கூடத் தங்கப்போகும் அம்மாவோ கட்டாயம் உடன் போங்கள். மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிறந்தவுடன் குழந்தையை அம்மாவின் நெஞ்சில் போடுவீர்களா? சிசேரியன் ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வைப்பீர்களா? அம்மாவும் குழந்தையும் ஒரே அறையில் இருப்பார்களா?

இவை சலுகை கேட்பது ஆகாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வெளியிட்ட பத்துப் படிகளிலேயே இவை இருக்கின்றன. அந்தப் பத்தைக் கடைப்பிடிக்கும் இடங்களைக் 'குழந்தை நேய மருத்துவமனை' என்று அங்கீகரிக்கும் திட்டம் 1991இல் தொடங்கியது. நம் மாநிலத்தில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவம் சிசேரியன் என்பதால் இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் அம்மா விழித்துத்தான் இருப்பார். ஒருவர் துணைக்கு நின்றால் குழந்தை பால் குடிக்கலாம்.

மார்பும் காம்பும் எப்படி இருந்தாலும் பெரும்பாலோரால் பாலூட்ட முடியும். சிறிய மார்பென்றால் பால் குறைவு என்பது தவறு. காம்பு உள்வாங்கி இருந்தால் முன்கூட்டியே செவிலியரிடம் காட்டிவிடுங்கள், பிறந்த பிறகு பதற்றம் குறையும்.

இரண்டாம் படி: ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

ஆயிரம் போஸ்டரால் ஆகாதது இந்த ஐந்து நிமிடத்தில் ஆகும், அல்லது கெடும். தியேட்டர் கதவு திறக்கும். துணியில் சுற்றிய குழந்தையை செவிலியர் கொண்டு வந்து கொடுப்பார். வாங்குகிற கை யாருடையதோ, முதலில் குழந்தையின் வாயில் போவது என்ன என்பதை அநேகமாக அவர்தான் முடிவு செய்கிறார்.

பல வீடுகளில் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. கழுதைப் பால் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் பாசம் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கழுவாத விரலும் வெளித் தண்ணீரும் கிருமியைக் கொண்டு போகும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நஞ்சேற்ற நோய் வரலாம். இனிப்பு குடித்த குழந்தை மார்பைத் தேடுவதும் தள்ளிப்போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் இதைச் சமாளிக்கும் விதம் மிகவும் பிடிக்கும். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு நிற்கும் பாட்டியிடம் "கொடுக்கக் கூடாது" என்று சொல்லவே மாட்டார். "பாட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. உங்க கையாலேதான் முதல் சொட்டு" என்பார். உள்ளே அம்மாவின் மார்பைப் பிதுக்கி நாலு சொட்டு சீம்பாலைச் சுத்தமான கரண்டியில் எடுத்துத் தருவார். பாட்டி அதைக் குழந்தையின் வாயில் விடுவார். சேனை வைத்த மாதிரியும் ஆயிற்று, சீம்பால் போன மாதிரியும் ஆயிற்று. அதே பாட்டி மறுநாள் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் சீம்பாலின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பார்.

மஞ்சளாக, கெட்டியாக, மிகக் குறைவாக வரும் சீம்பாலைப் பார்த்து "இது போதுமா" என்று பயப்படாதீர்கள். முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில் செறிந்திருக்கின்றன. அதைப் பீய்ச்சிக் கீழே விடும் வழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: வாயில் பிடிக்க வைப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுவோம். காம்பு வெடிப்பு, பால் கட்டுவது, 'பால் பத்தலை' என்ற புலம்பல் ஆகியவற்றில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அம்மா வசதியாக உட்கார வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு பலகை. சிசேரியன் ஆனவருக்கு ஒருக்களித்துப் படுத்தபடி கொடுப்பதும், குழந்தையை இடுப்போரமாகக் கக்கத்துக்குக் கீழே வைத்துக் கொடுப்பதும் தையலில் அழுத்தாது. குழந்தையின் தலை மட்டும் திரும்பியிருக்கக் கூடாது. வயிறு அம்மாவின் வயிற்றை ஒட்டி, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும். காம்பால் மேல் உதட்டைத் தடவினால் குழந்தை கொட்டாவி விடுகிற மாதிரி வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்பிடம் கொண்டு வாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டு போகக் குனிந்தால் முதுகு வலி மிஞ்சும்.

சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே அதிகமாகத் தெரியும். உறிஞ்சும் சத்தம் மெதுவாகி, நடுநடுவே விழுங்குவது கேட்கும். முதல் சில நொடிக்குப் பிறகும் வலித்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரம் மெல்ல நுழைத்து விடுவித்து மறுபடி ஆரம்பியுங்கள். பத்து முறை ஆனாலும் பரவாயில்லை.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் தலையணையைச் சரி செய்வதும், ஒரு சொம்புத் தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதும், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை எடுத்துக் கொடுத்து ஏப்பம் விட வைப்பதும் உங்கள் வேலை. இரவுப் பால் முக்கியம், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். அம்மா பதற்றத்தில் இருந்தால் பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் மட்டுப்படும். "எங்க அம்மாவுக்கெல்லாம் அப்படி வந்துச்சு" என்று ஒப்பிட்டுப் பேசும் ஒரு வாக்கியம்கூட உண்மையிலேயே பால் இறங்குவதைத் தடுக்கும்.

நான்காம் படி: 'பால் பத்தலை' என்று சொல்லும் முன் துணியை எண்ணுங்கள்

குழந்தை அழுகிறது என்பது பால் குறைவுக்கு ஆதாரமாகாது. சாயங்காலம் விட்டு விட்டு மணிக்கணக்கில் மார்பையே கேட்பது பச்சைக் குழந்தையின் இயல்பு. பால் போதுமா என்பதைக் கொடியில் காயும் துணி சொல்லும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும், மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற வேண்டும். பிறந்த எடையில் கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீண்டும் அந்த எடைக்கு வர வேண்டும். இவை சரியென்றால் பால் போதும்.

பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக் கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். அம்மாவுக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரி தேவை. ஆனால் பாலைப் பெருக்குவது அடிக்கடி மார்பு காலியாவதுதான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை. ஒரு வேளை புட்டிப் பால் புகுந்தால் ஒரு வேளை மார்பு காலியாகாது, மறுநாள் அந்த அளவுக்குச் சுரப்பு குறையும், அப்புறம் 'பத்தலை' என்பது நிஜமாகவே ஆகிவிடும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும் காய்கறியை ஒதுக்குவதும் வேண்டாம்.

எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது நடந்தது இதுவேதான். ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மருந்துப் பையில் ஒரு பால் பவுடர் டப்பாவும் இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி மார்பு கல் மாதிரி ஆகி, குழந்தையால் பிடிக்க முடியவில்லை. டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அதைத் திறந்தோம். வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்து, கையால் கொஞ்சம் பீய்ச்சி, கருவட்டம் இளகியதும் குழந்தையைப் போட்டால் போதும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. பத்து வருடம் கழித்தும் அந்த ராத்திரியை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மார்பு வலிக்கிறது என்றதும் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. மல்லிகை பாலை வற்ற வைக்கப் பயன்படுவது. தொடர்ந்து பாலூட்ட நினைப்பவர் கட்டக் கூடாது. மார்பில் சிவப்பும் காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க எழுந்திருக்காவிட்டாலோ, நனையும் துணி குறைந்தாலோ, மஞ்சள் காமாலை உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆறு மாதம் வரை தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அக்னி நட்சத்திர வெயிலுக்கும் அது போதும். மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டும் மருந்தும் கொடுக்கலாம். ஆறு மாதம் முடிந்ததும் கூழும் பருப்புச் சாதமும் ஆரம்பித்து, தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

உண்மையிலேயே பாலூட்ட முடியாத அம்மாக்களும் உண்டு. புற்றுநோய் மருந்து எடுப்பவர், கேலக்டோசீமியா போன்ற அரிய குறையுடன் பிறந்த குழந்தையின் அம்மா, இப்படி. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மருத்துவர் சொல்லும் மாற்றுப் பாலைக் கொதித்து ஆறிய நீரில் சரியான அளவில் கலந்து, புட்டிக்குப் பதிலாக மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கொடுங்கள். குறைப்பிரசவக் குழந்தையாக இருந்தால் தாய்ப்பால் வங்கி இருக்கும் அரசு மருத்துவமனையைக் கேளுங்கள். தானம் தந்த பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கித் தருவார்கள். ஆசியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது.

ஐந்தாம் படி: கடையையும் செல்போனையும் கவனியுங்கள்

என் பையில் அந்த டப்பா வந்தது சட்டப்படி குற்றம் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை முறைக்கான நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா அதைத் தன் சட்டமாகவே 1992இல் கொண்டுவந்து, 2003இல் இன்னும் இறுக்கியது. குழந்தைப் பால் மாற்றுப் பொருள், பால் புட்டி, குழந்தை உணவு மூன்றும் அதில் அடங்கும். இரண்டு வயது வரையிலான குழந்தைக்கான இந்தப் பொருள்களை எந்த ஊடகத்திலும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி, பரிசு, தள்ளுபடி கூடாது. மருத்துவருக்கோ செவிலியருக்கோ கம்பெனி பணமோ பொருளோ தரக் கூடாது. மருத்துவமனைச் சுவரில் இவற்றின் படம் மாட்டக் கூடாது. பால் மாற்று டப்பாவின் மேல் குழந்தை படம் போடக் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

நடைமுறையில் மீறல் வேறு வேடத்தில் வருகிறது. புதிதாக அம்மா ஆனவரின் செல்போனில் 'என் பாப்பாவுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன்' என்று சிரித்துப் பேசும் வீடியோவாக வரும். கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று என்று வரும். பார்த்தால் கடந்து போகாதீர்கள். தேதி தெரியப் படம் எடுங்கள், கடை அல்லது மருத்துவமனையின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள், ரசீது இருந்தால் வைத்திருங்கள், இணையமாக இருந்தால் முகவரியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் புகார் செய்ய மத்திய அரசு அதிகாரம் கொடுத்திருக்கும் பி.பி.என்.ஐ. (இந்தியத் தாய்ப்பாலூட்டல் ஊக்குவிப்பு வலையமைப்பு) அமைப்புக்கும் அனுப்பலாம்.

ஆறாம் படி: வேலைக்குத் திரும்பும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தயாராகுங்கள்

அமைப்புசார் வேலையில் இருப்பவருக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதியத்துடன் விடுப்பு உண்டு, 2017 திருத்தம் தந்தது அது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும் உரிமை. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு தருகிறது. இவற்றை வாய்மொழியாகக் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

விடியற்காலை பூப்பறிக்கப் போகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் விடுப்பு என்று ஒன்றே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அவர்களைப் போன்றவர்கள் சில மாதமாவது வீட்டில் இருக்கத்தான். கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்தால்தான் தவணை தவறாது. பக்கத்து வீட்டில் யாராவது பதியாமல் இருந்தால் கூட்டிப் போய்ப் பதிய வையுங்கள்.

பால் எடுத்து வைக்க மெஷின் தேவையில்லை. கையைக் கழுவி, கட்டை விரலைக் கருவட்டத்தின் மேல் ஓரத்திலும் ஆள்காட்டி விரலைக் கீழ் ஓரத்திலும் வையுங்கள். நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விடுங்கள். காம்பை இழுக்காதீர்கள். சுற்றிச் சுற்றி விரலின் இடத்தை மாற்றுங்கள். முதல் நாள் இரண்டு கரண்டிதான் வரும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கொதிநீரில் போட்டு எடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பிடியுங்கள். நம் வெயிலுக்கு வெளியே வைத்த பாலை நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இருந்தால் கதவில் வைக்காமல் உள்ளே வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுப்பது பாதுகாப்பு. அடுப்பில் நேராகச் சுட வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பேருந்து நிலையத்து அறையைத் திறந்து பாருங்கள்

2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல திட்டம். அடுத்த முறை பஸ் ஏறப் போகும்போது உங்கள் ஊரில் உள்ளதை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பூட்டியிருக்கிறதா? மின்விசிறி சுற்றுகிறதா? உள்ளே துடைப்பமும் வாளியும் கிடக்கிறதா? சாவி யாரிடம் என்று நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு நின்ற ஒரு மதியம், கையில் இரண்டு மாதக் குழந்தையோடு ஒரு பெண் கழிப்பறைச் சுவரோரம் திரும்பி உட்கார்ந்து பாலூட்டிக்கொண்டிருந்தார். அறை பத்தடி தள்ளிப் பூட்டிக் கிடந்தது. சாவி வர நாற்பது நிமிடம் ஆயிற்று, அவருடைய பஸ் போய்விட்டது.

பேருந்து நிலையம் நகராட்சியிடம் இருந்தால் மனு அங்கே. கிராமமாக இருந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபை இருக்கிறது, தாய்ப்பால் வாரம் முடிந்த எட்டாவது நாள். அங்கன்வாடியில் திரை போட்ட ஒரு மூலை, நாற்காலி, குடிதண்ணீர் வேண்டும் என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் அம்மாக்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள். சொன்னால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். இப்படி எழுதித் தரலாம்: "இந்த ஊராட்சியில் கடந்த ஓராண்டில் பிறந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது என்ற எண்ணிக்கையை கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெற்று அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது." அடுத்த கூட்டம் அக்டோபர் 2. அன்றைக்குப் போய் உட்கார்ந்து, அந்த எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள்.